நாளைக்குச் சொல்கிறேன் என்றார் நடுவர்

"நேத்தும் வெள்ளிக்கிழமை, முந்தாநாளும் வெள்ளிக்கிழமை, இன்னைக்கும் வெள்ளிக்கிழமைன்னா, ஒரு கிறிஸ்தவன் எத்தனை நாளைக்கும்மா முருங்கைக்காயைச் சூப்பிக்கிட்டே கிடப்பான்? ஏசுசாமிகூட உபவாசத்தை முடிச்சுட்டு எந்திரிச்சுப் போனார். எனக்கு மட்டும் விடிவே கிடையாதா?"

மாடிப்படியின் நடுவில் நின்று, தூக்குச்சட்டியை ஒரு கையிலும் அதன் மூடியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி முறையிட்டவர் அதிசயராஜ் சார். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். மனைவி இறந்த பிறகு மங்கையர்க்கரசி வீட்டு மாடிக்குக் குடிவந்து, அவள் கைச் சமையலையே இரண்டு வேளையும் சாப்பிட்டு வருபவர். குடிவந்த அன்றைக்கே மங்கையர்க்கரசி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: வெள்ளிக்கிழமை இந்தக் கட்டடத்துக்குள் கவிச்சி வாடை வரக்கூடாது, மாடியானாலும் சரி, கீழேயானாலும் சரி. வாரத்தில் ஒரு நாள்தானே என்று அவரும் தலையை ஆட்டிவிட்டார். வாரம் மொத்தமும் அந்த ஒரே நாளாகச் சுருங்கிப்போகும் என்று பூகோளத்தில் எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்?

"உலகம் அழியும்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுனது யாரு சார், நானா? அழிஞ்சிருந்தா சாம்பாரும் இருந்திருக்காது, சூப்புறதுக்கு முருங்கைக்காயும் இருந்திருக்காது. கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"அழியும்னுதாம்மா சொன்னேன். நின்னுபோகும்னு நான் சொல்லவே இல்லையே."

 பதில் இல்லாத இடங்களில் மங்கையர்க்கரசி பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அன்றைக்கு வைத்த சத்தத்தில் உள்ளறையில் படுத்திருந்த மகள் பவளக்கொடி, நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டே, "அம்மா, பாப்பா பயப்படுது," என்றாள். "பயந்தாவது வெளியே வரட்டும்," என்றாள் மங்கையர்க்கரசி.

சிவகாசியில் வேம்படித் தெரு காலண்டர் தெரு. அச்சாகி வருகிற தேதித் தாள்களை அடுக்கி, கட்டாகத் தைத்து, தலையில் தகரப் பட்டை அடித்து, முருகனோ மாதாவோ மக்காவோ அச்சடித்த அட்டையில் ஒட்டி, தென்காசி நகைக்கடை முதல் சிங்கப்பூர் மளிகைக்கடை வரை அனுப்பிவைக்கிற தெரு. உலகத்துத் தமிழர்களெல்லாம் காலையில் எழுந்து இன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்துகொள்வதே தங்கள் தயவால்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் பிடித்த தெரு. அப்படிப்பட்ட தெருவுக்கு, ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்கழியில், எங்கேயோ அமெரிக்கக் காட்டுக்குள் மாயன் என்று ஒரு இனத்தார் கல்லில் வெட்டிவைத்த காலண்டர் டிசம்பர் இருபத்தொன்றோடு முடிகிறது, ஆகையால் உலகமும் முடிகிறது என்று டிவிக்காரர்கள் அலறியபோது, பயம் வரவில்லை. தொழிலை யாரோ கேவலமாகப் பேசிவிட்ட மாதிரி ரோஷம்தான் வந்தது. ஆகவே தெரு நலச்சங்கத்தார் அந்த வருட ஆண்டு விழாவை அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் வைத்து, பட்டிமன்றமும் போட்டார்கள். மாயன் காலண்டர் சொன்னது பலிக்குமா, பலிக்காதா?

பலிக்கும் என்று பேச அதிசயராஜ் சார். பலிக்காது என்று பேச மங்கையர்க்கரசி, அவள் மதுரையில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதாலும், அவளைக் கூப்பிடாவிட்டால் வருடம் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவாள் என்பதாலும். நடுவராக அவள் புருஷன் தனுஷ்கோடி அண்ணாச்சி. வீட்டுப் பின்னால் ஷெட் போட்டுக் காலண்டர் தைக்கிறவர். தெருவில் யாருக்கும் அவர் மேல் மனத்தாங்கல் கிடையாது, ஏனென்றால் அவர் பிறந்ததிலிருந்து எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை.

இது மங்கையர்க்கரசிக்குப் பெண் பார்த்த அன்றைக்கே தெரியும். பெரியவர்கள், பொண்ணு பிடிச்சிருக்கா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் பிடிச்சிருந்தா சரி," என்று சொன்ன மாப்பிள்ளை அவர். பச்சைச் சேலையா, அரக்குச் சேலையா என்றால் இரண்டும் நல்லாத்தான் இருக்கு. உப்புக் கூடவா, குறையவா என்றால் சாப்பிடலாம். மகளைக் கோவில்பட்டியில் கொடுக்கலாமா என்றால் நாளைக்குப் பேசிக்கலாம். கான்வென்ட்டில் சிஸ்டர் பெலிசிட்டா மேஜைமேல் பித்தளை மணி ஒன்றை வைத்திருப்பார்; மணி அடித்தால் பேச்சை நிறுத்தணும், மறுமணி அடிக்கும்முன் முடிவு சொல்லியாகணும், எஸ்ஸா நோவா. அந்த மணிச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு மனுஷன் வாய்த்தார்.

பட்டிமன்றத்தில் மங்கையர்க்கரசி ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "காலண்டர் முடிஞ்சா என்ன செய்வோம்? ஆணியில இருந்து கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுவோம். இதுக்குப் போய் உலகம் எதுக்கு அழியணும்? அந்த மாயன் ஆளுங்களுக்கு அடுத்த கட்டைத் தைச்சுக் குடுக்க ஒரு சிவகாசி இல்லாமப் போச்சு, அம்புட்டுத்தான் விஷயம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டலில் பிள்ளையார் கோயில் புறாவெல்லாம் எழும்பிப் பறந்தது.

அதிசயராஜ் சார் நிதானமாக எழுந்தார். கைவிரலோடு கால்விரலையும் சேர்த்து இருபது இருபதாக எண்ணிய அந்த ஜனங்களைப் பற்றி, அவர்கள் மழையைப் பார்த்ததைப் பற்றி, விடிவெள்ளியைப் பார்த்ததைப் பற்றி, தன் வகுப்பில் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே வந்தவர், கடைசியில் சட்டென்று குரலை இறக்கி, "என் வீட்டுக்காரி போன அன்னைக்கு, காலையில காலண்டர்ல தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் காப்பி போடப் போனா. காப்பி வரலை. அவளுக்கு அன்னைக்கு உலகம் அழிஞ்சுபோச்சு. ஆக, உலகம் அழியுறது வாஸ்தவம். தேதிதான் ஆளுக்கு ஆள் வேற," என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்தார். யாரும் கைதட்டவில்லை. சுண்டல் மடிக்கிற பெண்கள்கூட அப்படியே நின்றார்கள்.

தனுஷ்கோடி அண்ணாச்சி எழுந்தார். தொண்டையைச் செருமினார். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார், ஸ்பீக்கர் கட்டியவருக்கு நன்றி சொன்னார், முன்வரிசையில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார், அதிசயராஜ் சாரின் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு. அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு. அதனால, தீர்ப்பை நாளைக்குச் சொல்றேன்," என்றார். தெருவே சிரித்தது. ஆளுக்கொரு பொட்டலம் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். உலகம் அழியவில்லை.

மறுநாள் காலையில் மங்கையர்க்கரசி எப்போதும்போலக் காலண்டரில் வெள்ளிக்கிழமையைக் கிழித்தாள். அடியில் வெள்ளிக்கிழமை இருந்தது. அதைக் கிழித்தாள், அதன் அடியிலும் வெள்ளிக்கிழமை இருந்தது, மார்கழி ஆறு, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. கை நிறைய வெள்ளிக்கிழமைகளோடு ஷெட்டுக்குப் போய், "உங்க தையல் லட்சணத்தைப் பாருங்க," என்று புருஷன் முன்னால் போட்டாள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தையல் சரியாத்தான் இருக்கு. நாள்தான் மாறலை," என்றார். அதற்குள் எதிர்வீட்டு நகைக்கடைக் காலண்டரிலும், அடுத்த வீட்டு ஜவுளிக்கடைக் காலண்டரிலும், கோயில் காலண்டரிலும் அப்படியே என்று செய்தி வந்தது. தெருமுனை தாண்டினால் சனிக்கிழமை. பஸ் ஓடுகிறது, மார்க்கெட் நடக்கிறது, எல்லாம் சனிக்கிழமைதான். வேம்படித் தெருவுக்குள் மட்டும் வெள்ளிக்கிழமை, வந்த விருந்தாளி மாதிரி, போகாமல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததை வைத்துக் குடும்பம் நடத்துகிற தெரு. நாள் நின்றதே தவிர சூரியன் நிற்கவில்லை. காலையும் மாலையும் வந்தன, பசியும் வந்தது. பெண்கள் தினமும் வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல் குளித்து, தினமும் சீயக்காய் தேய்த்ததில், ஊரிலேயே இல்லாத மினுமினுப்பு அவர்கள் கூந்தலில் ஏறியது. பிள்ளையார் கோயிலில் தினமும் சுண்டல். ராகு காலத்தை யாரும் காலண்டரில் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கைக்குழந்தைகூட மனப்பாடமாகச் சொன்னது. தாளில் போட்டிருந்த ராசிபலன் தினமும் அதேதான் என்பதால், பாராட்டு என்று போட்டிருந்த ராசிக்காரர்களைத் தினமும் யாராவது பாராட்டித் தொலைக்க வேண்டியிருந்தது. அலைச்சல் என்று போட்டிருந்த எலக்ட்ரீஷியனோ மின்கம்பத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து பாதி ஆளானான். ஆனால் ஒவ்வொரு காலண்டரிலும் ஒவ்வொரு பலன் என்பது தெரியவந்ததும், கவலை என்று போட்டிருந்த ராசிக்காரர்களெல்லாம் லாபம் போட்ட காலண்டரைத் தேடி அடுத்த வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலைபாக்கு வைத்து, சம்பந்தம் பேசுகிற மாதிரி பேசி, காலண்டரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மங்கையர்க்கரசியின் சிம்ம ராசிக்குப் பொறுமை என்று போட்டிருந்தது. அவள் அந்த வரியை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டாள். தனுஷ்கோடி அண்ணாச்சியின் துலாம் ராசிக்கு அமைதி. அவர் காலண்டரை மாற்றவில்லை.

தெருப் பெண்களுக்கு உண்மையில் பொறுக்கமுடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை டிவி தொடரில் கதாநாயகி ஓடிவந்து கதவைத் திறப்பாள், வாசலில் நிற்கிறவரைப் பார்த்து அவள் கண் விரியும், வந்தது யார் என்று காட்டாமல் தொடரும் என்று போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை காட்டுவார்கள். வேம்படித் தெருவுக்கோ திங்கட்கிழமை இல்லை. தினமும் கதவு திறந்தது, தினமும் கண் விரிந்தது. வெளியூர்த் திங்கட்கிழமையெல்லாம் பார்த்துவிட்டுக் கூடையோடு உள்ளே வருகிற கீரைக்கார மாரிக்கனி, "அக்கா, வாசல்ல நிக்கிறது யாருன்னு சொல்லட்டுமா?" என்று தொடங்கும்போதே, "வாயைத் திறந்த, உன் கூடையைப் பிடுங்கிக் கொளுத்திருவேன்," என்றாள் மங்கையர்க்கரசி. "நான் பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன். எனக்கும் ஒரு திங்கட்கிழமை வரும்."

தெருவிலே படுத்து எழுந்தவர்கள் எங்கே போனாலும் அந்த வெள்ளிக்கிழமையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போனார்கள். அதிசயராஜ் சார் கிறிஸ்துமஸ் அன்றைக்கு நல்ல வேஷ்டி கட்டிக்கொண்டு நகரத்துச் சர்ச்சுக்குப் போய்ப் பாட்டும் பாடிவிட்டு வந்தார். "எப்படி இருந்துச்சு சார்?" என்று பவளக்கொடி கேட்டதற்கு, "அடுத்த வீட்டுக் கல்யாணத்துல போய் உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு தாயி," என்றார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாதது பவளக்கொடியின் வயிறு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தவளை, சனிக்கிழமை வந்து சேர்ந்துவிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சனிக்கிழமை வரவில்லை. நகரத்துச் சனிக்கிழமைகள் ஒன்றிரண்டு கழிந்த பிறகு, மங்கையர்க்கரசி மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எந்தத் தெரு என்று கேட்டார். "வேம்படித் தெருவா? அப்ப சரி. பிள்ளை நல்லாயிருக்கு. வெள்ளிக்கிழமை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு, ஒரு நாள்கூடக் கூடலை. உங்க தெருவுல சனிக்கிழமை ஆகட்டும், கூட்டிட்டு வாங்க," என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து சம்பந்தியம்மா தினமும் போன் செய்தாள். அங்கே புது வருஷமே பிறந்துவிட்டது. "என்ன மதினி, உங்க வீட்ல இன்னும் விடியலையா? எங்க பேரப்பிள்ளையை இப்படியே வயித்துல வச்சு ஊறுகாய் போட்டுருவீங்களா? என் மகன் பாவம், தொட்டிலை வாங்கிக் கட்டிட்டு, வெறும் தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருக்கான்."

மங்கையர்க்கரசி யாருக்கும் பதில் பாக்கி வைக்காதவள். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பவளக்கொடி சுவரில் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி. "இதுக்கு வெளியே வர்ற ஆசையே போயிருமோம்மா?" என்றாள். மங்கையர்க்கரசி குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் முன்னால் போய் நின்றாள். "சம்பந்திக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்," என்றார் தனுஷ்கோடி.

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. நாளைக்கு. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் தூக்கிப் போட்டதெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. பச்சைச் சேலையா அரக்குச் சேலையா, உப்புக் கூடவா குறையவா, கொல்லையில் கிணறு போடலாமா, தம்பிக்குப் பாகம் பிரிக்கலாமா, எல்லாவற்றையும் நாளைக்கு நாளைக்கு என்று அந்தப் பக்கம் எறிந்துகொண்டே இருந்தால், ஓட்டை உடைசல் அடைத்த பரணைப்போல அது நிரம்பாமல் என்ன செய்யும்? கடைசியாக, தெருவே பார்க்க, மைக் பிடித்து ஒரு தீர்ப்பையும் தூக்கி உள்ளே எறிந்தார். கதவு அதோடு திறக்கமுடியாமல் அடைத்துக்கொண்டது. உள்ளே கால் வைக்க இடம் இல்லை, பேரப்பிள்ளைக்குக்கூட.

"கையைக் கழுவுங்க," என்றாள். "தீர்ப்புச் சொல்லணும்."

எமகண்டம் கழியும்வரை காத்திருந்து, பிள்ளையார் கோயில் முன்னால் மறுபடி நாற்காலி போட்டு, ஸ்பீக்கர் கட்டி, தெருவைக் கூட்டினார்கள். விஷயம் கேள்விப்பட்டதும் எல்லாருக்கும் அது பட்டென்று விளங்கியது. பூட்டுப் போட்டவர்தானே சாவியைத் தேடணும்? தனுஷ்கோடி அண்ணாச்சி மைக் முன்னால் நின்று, முன்வரிசையைப் பார்த்து, "மாயன் காலண்டர் பலிக்காது. உலகம் அழியாது. மங்கையர்க்கரசி கட்சி ஜெயிச்சுது," என்றார். கைதட்டல் வானத்தைத் தொட்டது. மங்கையர்க்கரசி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தோற்றவருக்குச் சொல்கிற ஆறுதலையும் சாருக்குச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தாளைக் கிழித்தாள். வெள்ளிக்கிழமை.

"சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்று அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து சாரே இறங்கி வந்தார். பவளக்கொடிதான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா மனசுல இருந்து சொல்லலைம்மா. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாங்க."

"என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

 தனுஷ்கோடி அண்ணாச்சி ஷெட்டுக்குள் போய்த் தகரப் பட்டையைத் தட்டத் தொடங்கினார். மங்கையர்க்கரசி சமையலறைக்குப் போனாள், முருங்கைக்காயை நறுக்கினாள், பாதி நறுக்கிவிட்டு அரிவாள்மணையை மடக்கினாள். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் பெலிசிட்டாவின் மணி அவள் புருவத்துக்கு நடுவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கத் தயாராக, எப்போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் தெரு மூன்றாம்முறை கூடியது. வெளியே நகரத்தில் அன்றைக்குச் சனிக்கிழமை, பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி முன்வரிசையில் தன் நாற்காலிக்கு வந்தாள். உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கி, மேடைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, அதன்பிறகு உட்கார்ந்தாள். தெரு ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு பக்கத்து நாற்காலி திரும்பியது, அதற்குப் பக்கத்து நாற்காலி, அடுத்த வரிசை, கால் உரசும் சத்தத்தோடு மொத்தக் கூட்டமும் திரும்பிக்கொண்டது. மேடையில் இருந்த தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு ஒரு முகமும் தெரியவில்லை. பளபளவென்று எண்ணெய் மினுங்குகிற கொண்டைகளும், ஆண்களின் வழுக்கைகளும்தான் தெரிந்தன.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் மங்கையர்க்கரசி, எதிர்ச்சுவரைப் பார்த்து. "மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. யாரும் உங்களைப் பார்க்கலை."

அதிசயராஜ் சார் பதறி எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, வேண்டாம். தங்கச்சியே ஜெயிச்சதா இருக்கட்டும். நான் ஏதோ பேச்சுக்குப் பேசினேன். உங்க வாயால அழியும்னு வந்து, அது பலிச்சுத் தொலைச்சிட்டா? பிள்ளத்தாச்சி பொண்ணு இருக்கிற வீடு."

"உக்காருங்க சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "முதுகைக் காட்டி உக்காருங்க."

மைக்கை ஒரு விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தனுஷ்கோடி அண்ணாச்சியின் குரல் வந்தது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. தகரத்தில் சுத்தியல் நேராக விழுந்தால் வருகிற சத்தம் அதில் இருந்தது.

"சார் ஜெயிச்சார்."

யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"மங்கை நல்லாத்தான் பேசினா. ஆனா சிரிக்க வச்சுட்டு உக்காந்துட்டா. சார் சொன்னதுதான் நெசம். அழியும். நான் எத்தனை வருஷமா காலண்டர் தைக்கிறேன், முடியாத காலண்டர் ஒண்ணு நான் தைச்சதில்லை. எல்லாக் கட்டுலயும் ஒரு கடைசித் தாள் இருக்கு, அதை நானே என் கையால வைக்கிறேன். காலையில மங்கை கிழிச்சுப் போடுறதெல்லாம் அழிஞ்சதுதான். இன்னைக்கு அழியலைன்னா நாளைக்கு எங்க வந்து நிக்கும்? இவ்வளவு நாளும் நான்தான் அதை அழிய விடாமப் பிடிச்சு வச்சிருந்தேன், வீட்ல சத்தம் வரும்னு பயந்துக்கிட்டு. தீர்ப்பு இதான். மங்கை, நீ தோத்துட்ட."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியின் காது சிவந்தது. தெரு முழுக்கக் கேட்கத் தோற்றிருக்கிறாள், அதுவும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்ற பட்டத்தோடு. எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்கிப் பதில் சொல்ல அவள் கை பரபரத்தது. ஆனால் வாய் தன்பாட்டில், அவளைக் கேட்காமல், காதுவரை விரிந்துகொண்டே போனது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் ஒரு மனுஷன் வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்கிறான். முகத்தை யாரும் பார்க்காதபடி உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒரு காற்று வந்தது. அந்தக் காற்றில் வீட்டுக்கு வீடு காலண்டர்கள் படபடத்தன, யாரும் கிழிக்காமலே வெள்ளிக்கிழமை பிய்த்துக்கொண்டு பறந்தது, அதன் பின்னால் சனி, அதன் பின்னால் ஞாயிறு, கதவு திறக்கட்டும் என்று வாசலில் மூட்டை முடிச்சோடு காத்துக்கிடந்த உறவுக்கூட்டம் மாதிரி நாட்களெல்லாம் முண்டியடித்து உள்ளே நுழைந்தன, ஒரு மூச்சு நேரம் தெரு முழுக்கக் கேக் வாசனை அடித்தது, சாரின் மாடியில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தில் விளக்கு தானாக எரிந்து அணைந்தது, அவர், "ஹேப்பி கிறிஸ்துமஸ்!" என்று கத்தி முடிக்கும்முன் புது வருஷம் பிறந்துவிட்டதால் அதையும் சேர்த்துக் கத்தினார், யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருந்த டிவியில் கதவு திறந்து, வாசலில் நிற்பவர் தெரிந்து, தெருப் பெண்கள், "அட, இவனா!" என்று ஒரே குரலில் சலித்துக்கொண்டார்கள், பழைய காலண்டர்களில் தாளெல்லாம் தீர்ந்து வெறும் அட்டையில் முருகன் மட்டும் வேலோடு நின்றார். தெரு நகரத்துச் சனிக்கிழமையை எட்டிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"அம்மா!" என்று வீட்டுக்குள்ளிருந்து பவளக்கொடி அலறினாள்.

இத்தனை நாள் உள்ளே காத்திருந்த பிள்ளையாதலால், ஆஸ்பத்திரியில் அது யாரையும் காக்க வைக்கவில்லை. நர்ஸ் கையுறை மாட்டி முடிப்பதற்குள் வந்து விழுந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. தாய் குளித்த சீயக்காயெல்லாம் அதற்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வந்த வேகத்தையும் போட்ட சத்தத்தையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "பாட்டி சாயல்," என்றார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கிவிட்டார்கள். அதிசயராஜ் சார் பிளாஸ்கில் காப்பியும், எங்கிருந்து வாங்கினாரோ, ஒரு பொட்டலம் மட்டன் சுக்காவும் கொண்டுவந்து, அதைத் திறக்காமல் மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"பேச்சியம்மா," என்றாள் சம்பந்தியம்மா, பிள்ளையைப் பார்த்த உடனே. "எங்க குலசாமி பேரு. எங்க வீட்டு முதல் பேத்திக்கு அதான்."

"நிலா," என்றாள் மங்கையர்க்கரசி. "சட்டுன்னு முடிஞ்சிரும். அவசரத்துக்குக் கூப்பிட வாய் வலிக்காது."

"அவசரம் உங்களுக்கு மதினி. பிள்ளைக்கு என்ன அவசரம்?"

"எங்க பிள்ளைக்கு அவசரம்தான். வந்த வேகத்தைக் கேட்டுப் பாருங்க நர்ஸ்கிட்ட."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினார். பவளக்கொடி கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், பிள்ளையை மடியில் வைத்து அதன் விரலை எண்ணிக்கொண்டிருந்த தனுஷ்கோடி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வேண்டாம்," என்றாள் மங்கையர்க்கரசி. "அந்த வார்த்தையை மட்டும் சொல்லிறாதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் கறி எடுக்கணும். இந்தாங்க, திரும்பிக்கிட்டேன். மதினி, நீங்களும் திரும்பிக்கோங்க."

சொன்னபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சம்பந்தியம்மாவும் என்ன ஏது என்று புரியாமலே திரும்பி நின்றாள். சுவரில் ஆஸ்பத்திரிக் காலண்டர் தொங்கியது, வேம்படித் தெருவில் தைத்ததுதான், சனிக்கிழமைத் தாள் மின்விசிறிக் காற்றில் மெல்லத் தூக்கித் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாமல் விழுந்தது. பின்னால் பிள்ளை விரலைச் சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க," என்றாள் மங்கையர்க்கரசி சுவரைப் பார்த்துக்கொண்டே. "சொல்லுங்க."